மாநாட்டு அரங்கிலிருந்து நகருக்குள்: கியோட்டோவின் 1,100 யென் பயணச்சீட்டு

கியோட்டோவில் நடக்கும் மாநாடு ஒன்றில் கட்டுரை வாசிக்க அழைப்பு வந்தால், அரங்கம் நகரின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்த பிறகே தங்கும் விடுதியைத் தேட வேண்டும். பெரிய பன்னாட்டு மாநாடுகள் பலவும் நடைபெறுவது, நகரின் வடகோடியில் தகராகைகே என்ற ஏரிக்கரையில் அமைந்துள்ள கியோட்டோ பன்னாட்டு மாநாட்டு மையத்தில்தான். நீரியல் பொறியியல் சார்ந்த மாநாடு ஒன்றுக்காக அங்கு சென்று, கட்டுரை வாசித்து முடித்த பின் சில நாட்கள் ஊரைச் சுற்றிப் பார்த்த அனுபவத்தில், அந்த நகரத்தின் சுரங்க ரயிலுக்கும் பேருந்துக்கும் பொதுவாக விற்கப்படும் ஒருநாள் பயணச்சீட்டை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். சீட்டின் விலை பெரியவர்களுக்கு 1,100 யென், சிறுவர்களுக்கு 550 யென். நம் பணத்தில் அறுநூறு ரூபாய்க்குச் சற்று மேல் ஆகும். அது நல்ல சீட்டுத்தான். ஆனால் எல்லா நாட்களிலும் வாங்க வேண்டிய சீட்டு அன்று என்பதே என் முடிவு.

சீட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன் அரங்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாநாட்டுக்கு வருபவர்களில் பலர் அதை வெறும் கூட்ட மண்டபமாகக் கருதி, தேநீர் இடைவேளையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே கடந்துவிடுகிறார்கள். 1966-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இக்கட்டடம், ஜப்பான் அரசு கட்டிய முதல் பன்னாட்டு மாநாட்டு மண்டபம். கட்டடக் கலைஞர் ஓத்தானி சச்சியோ, சரிவகத்தையும் தலைகீழாக நிறுத்திய சரிவகத்தையும் மாற்றி மாற்றிக் கோத்து இதை வடிவமைத்தார். உள்ளே நிற்கும்போது செங்குத்தான சுவரைவிடச் சாய்ந்து நிற்கும் சுவர்களும் தூண்களுமே கண்ணில் அதிகம் படும். கான்கிரீட்டின் கனத்தை மறைக்க முயலாமல், அந்தக் கனத்தையே மலைச்சரிவின் கோட்டோடு இணைத்துவிட்ட துணிவு இன்றும் வியக்க வைக்கிறது. 1997 டிசம்பர் 11 அன்று, பசுமைக்குடில் வாயுக்களைக் குறைப்பதற்கான கியோட்டோ நெறிமுறை ஏற்கப்பட்டதும் இங்கேதான். பின்புறத் தோட்டத்தில் ஒரு தேநீர்க் குடிலும் இருக்கிறது. நம்முடைய உரை காலை அமர்விலேயே முடிந்துவிட்டால், நகருக்குள் ஓடுவதற்கு முன் அந்தத் தோட்டத்தையும் ஏரியைச் சுற்றிய பாதையையும் நடந்து பார்க்கலாம். அதற்குச் சீட்டு எதுவும் தேவையில்லை.

கராசுமா சுரங்க ரயில் தடத்தின் வடக்கு முனை நிலையமான கொகுசாய் கைக்கானிலிருந்து அரங்கத்துக்குச் சில நிமிட நடைதான். கியோட்டோ ரயில் நிலையத்திலிருந்து அங்கு வர ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். கட்டணம் 290 யென். ஆகவே அரங்கத்தின் அருகிலேயே தங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சுற்றுவட்டாரம் அமைதியாக இருக்கும். ஆனால் நகர மையத்தில் இருப்பதுபோல் உணவகங்கள் வரிசையாக இல்லை. கராசுமா ஓய்க்கே, ஷிஜோ ஆகிய நிலையங்களை ஒட்டித் தங்கினால், காலையில் ரயிலில் உட்கார்ந்தபடியே உரைக்கான குறிப்புகளை ஒருமுறை புரட்டிவிடலாம். மாலையில் சாப்பாட்டுக்கு அலையவும் வேண்டாம். கராசுமா ஓய்க்கேயில்தான் வடக்கு தெற்காக ஓடும் கராசுமா தடமும் கிழக்கு மேற்காக ஓடும் தோசாய் தடமும் சந்திக்கின்றன. நகரின் சுரங்க ரயில் அமைப்பு இந்த இரண்டு தடங்களோடு முடிந்துவிடுகிறது. நிலையங்கள் மொத்தம் 31.

அமைப்பு இவ்வளவு சிறியதாக இருப்பதுதான் அந்தப் பயணச்சீட்டின் கதைக்கே அடிப்படை. ஜப்பானில் முதன்முதலாக மின்சார டிராம் ஓடியது 1895-இல், இதே கியோட்டோவில். நகராட்சி தன் டிராம்களை 1978-இல் முற்றிலுமாக நிறுத்தியது. முதல் சுரங்க ரயில் தடம் 1981-இல்தான் திறக்கப்பட்டது. டிராம் சென்ற இடங்களுக்கெல்லாம் சுரங்க ரயில் செல்லவில்லை. பொற்கோயில் எனப்படும் கின்ககுஜி, வெள்ளிக்கோயில் எனப்படும் ஜின்ககுஜி, கியோமிசு மலைக்கோயில் என்று சுற்றுலாப் பயணிகள் குவியும் இடங்கள் பெரும்பாலும் பேருந்தை நம்பியே இருக்கின்றன. பேருந்தில் மட்டும் செல்லத்தக்க மலிவான ஒருநாள் சீட்டு ஒன்று முன்பு இருந்தது. அதை வாங்கியவர்கள் எல்லாரும் பேருந்திலேயே ஏறியதால், மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் செல்லும் உள்ளூர் மக்களுக்கு இடமில்லாமல் போயிற்று. அதனால் 2023 செப்டம்பரோடு அதன் விற்பனையை நிறுத்தி, 2024 மார்ச்சுக்குப் பின் அது செல்லாது என்றும் அறிவித்தார்கள். பயணிகளைச் சுரங்க ரயில் பக்கம் திருப்புவதற்காக, இரண்டுக்கும் பொதுவான இந்த 1,100 யென் சீட்டையே இப்போது முன்னிறுத்துகிறார்கள். இந்த நோக்கத்தைப் புரிந்துகொண்டால், சீட்டைப் பயன்படுத்தும் முறையும் தானாகப் புரிந்துவிடும்: தொலைவை ரயிலில் கடந்து, கடைசித் துண்டை மட்டும் பேருந்தில் செல்ல வேண்டும். பொற்கோயிலுக்குக்கூட கியோட்டோ ரயில் நிலையத்திலிருந்து நேரே பேருந்தில் போய் நெரிசலில் நிற்பதைவிட, கிதாஓஜி நிலையம் வரை ரயிலில் சென்று அங்கிருந்து பேருந்து மாறுவது எவ்வளவோ மேல். பொற்கோயிலைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். 1950-இல் தீக்கிரையான கட்டடம் 1955-இல் மீண்டும் எழுப்பப்பட்டது என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன்.

கணக்கைப் பார்ப்போம். நகரப் பேருந்தில் பெரும்பகுதிக்கு ஒரே கட்டணம், 230 யென். அரங்கத்திலிருந்து கியோட்டோ நிலையம் வரை ரயிலில் போய்வர 580 யென், நடுவில் இரண்டு பேருந்துப் பயணங்களுக்கு 460 யென். ஆக மொத்தம் 1,040. அதாவது நான்கு முறை ஏறி இறங்கினாலும் சீட்டின் விலையை எட்ட முடிவதில்லை. ஐந்தாவது பயணத்தில்தான் லாபம் தொடங்குகிறது. கோயில்களை நிதானமாகப் பார்ப்பவர் ஒரு நாளில் மூன்று இடங்களுக்கு மேல் செல்வது கடினம். அப்படிப்பட்டவர், பணம் ஏற்றிக்கொள்ளும் ஐகோகா அட்டையை வாயிலில் தொட்டுவிட்டுப் போவதே சிக்கனம். இரண்டு சுரங்கத் தடங்களில் மட்டும் சுற்றுவதற்கு 800 யென்னில் தனிச்சீட்டு ஒன்றும் உண்டு. நடக்கத் தயங்காதவர்களுக்கு அது போதும். ஒருநாள் சீட்டு என்பது அந்தத் தேதிக்கு உரியது. வாங்கிய நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்று எண்ணிக்கொண்டு மாலையில் வாங்கக் கூடாது.

மாநாடு நடக்கும் நாட்களில் இந்தச் சீட்டை வாங்குவது வீண். கியோட்டோவின் கோயில்கள் பெரும்பாலும் மாலை நான்கு, ஐந்து மணிக்கே கதவை மூடிவிடும். கடைசி அமர்வு முடிந்து வெளியே வரும்போது பார்ப்பதற்கு எதுவும் திறந்திருக்காது. அந்த மாலைகளுக்கு ஏற்ற இடம் ஃபுஷிமி இனாரி. செந்நிறத் தோரண வாயில்கள் மலைமேல் வரிசையாக ஏறிச் செல்லும் அந்தத் தலம் இரவிலும் திறந்திருக்கும். பகலில் இருக்கும் கூட்டமும் இருட்டிய பின் கரைந்துவிடும். ஆனால் அங்கே செல்லும் வசதியான வழி, ஜே.ஆர். எனப்படும் ஜப்பான் ரயில்வேயின் ரயிலோ கெய்ஹான் என்ற தனியார் நிறுவனத்தின் ரயிலோதான். இரண்டிலும் 1,100 யென் சீட்டு செல்லாது. நகரத்தின் சீட்டு என்ற பெயரை நம்பி, எல்லா ரயிலிலும் ஏறலாம் என்று நினைப்பவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுவே.

இந்தச் சீட்டு முழு மதிப்பையும் தருவது, மாநாட்டுக்காரர்கள் பெரும்பாலும் கேள்விப்படாத ஓஹாராவுக்குப் போகும் நாளில். அரங்கத்தின் நிலையமான கொகுசாய் கைக்கானிலிருந்தே அந்த மலைக்கிராமத்துக்குக் கியோட்டோ பஸ் நிறுவனத்தின் 19-ஆம் எண் பேருந்து செல்கிறது. ஒரே கட்டணம் உள்ள பகுதியைத் தாண்டியதும் கட்டணம் தொலைவுக்கேற்ப ஏறும் என்றாலும், ஒருநாள் சீட்டு அங்கும் செல்லும். நகர மையத்திலிருந்து கிளம்பும் பேருந்தில் நெடுநேரம் ஊர்ந்து செல்லாமல், ரயிலில் வடக்கு முனைக்கு வந்து பேருந்து மாறினால் நேரமும் மிச்சம். ஓஹாராவின் சன்சென்-இன் மடத்தில் பாசிபடர்ந்த தோட்டமும், பாசிக்குள் பாதி புதைந்து சிரிக்கும் சிறு கற்சிலைகளும் பலரையும் ஈர்க்கின்றன. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது, அங்குள்ள சிறிய மண்டபத்தில் வீற்றிருக்கும் 1148-ஆம் ஆண்டைச் சேர்ந்த அமிதாப புத்தரும், அவர் இருபுறமும் இருக்கும் போதிசத்துவர்களும்தான். அந்த இருவரும் நிமிர்ந்து உட்காரவில்லை. வந்தவரை எழுந்து வரவேற்கப் போவதுபோல் முழந்தாளிட்டு, உடலைச் சற்று முன்னே சாய்த்திருக்கிறார்கள். அசையாத மரத்தில் எழுவதற்கு முந்தைய அந்தக் கணத்தைப் பிடித்த சிற்பியின் கையை எவ்வளவு பாராட்டினாலும் தகும். திரும்பும் வழியில் ஊதாநிற ஷிபாசுகே ஊறுகாய் விற்கும் கடைகள் இருக்கும். கத்தரிக்காயையும் செந்நிற ஷிசோ இலையையும் உப்பிட்டுப் புளிக்கவைத்த அந்த ஊறுகாய்க்கு ஓஹாராதான் சொந்த ஊர்.

தோசாய் தடத்தில் கேஆகே நிலையத்தில் இறங்கும் நாளை, நீர் சார்ந்த துறையில் இருப்பவர்கள் தவிர்க்கவே கூடாது. 1869-இல் தலைநகரம் டோக்கியோவுக்கு மாறியபின் கியோட்டோ நலிந்தது. அதை மீட்க, கிழக்கே மலைக்கு அப்பால் இருக்கும் பிவா ஏரியிலிருந்து சுரங்கம் குடைந்து கால்வாய் கொண்டுவரத் திட்டமிட்டார்கள். பொறியியல் கல்லூரியில் இறுதி ஆய்வேட்டுக்கு இதே திட்டத்தை எடுத்துக்கொண்ட தனாபே சகுரோ என்ற இளைஞரிடமே பணி ஒப்படைக்கப்பட்டது. 1885-இல் தொடங்கிய பணி 1890-இல் நிறைவுற்றது. இடையில் 1888-இல் அமெரிக்கா சென்ற தனாபே, ஆஸ்பென் நகரில் நீரால் மின்சாரம் எடுப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி, நீர்ச்சக்கரங்கள் என்றிருந்த திட்டத்தை மின்நிலையமாக மாற்றினார். கேஆகே மின்நிலையம் 1891-இல் இயங்கத் தொடங்கியது. மேலே சொன்ன டிராம் ஓடியது அந்த மின்சாரத்தில்தான். படகுகளைச் சக்கரம் பொருத்திய தொட்டிலில் ஏற்றி, சரிவில் தண்டவாளத்தின் மேல் இழுத்துச் சென்ற 582 மீட்டர் நீளப் பாதை இன்றும் அப்படியே இருக்கிறது. அதன்மேல் நடந்து செல்லலாம். அருகிலுள்ள கால்வாய் அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை. அங்கிருந்து நடந்தே நன்சென்ஜி மடத்துக்குப் போனால், மடத்தின் வளாகத்துக்குள்ளேயே செங்கல் வளைவுகள் தாங்கிய நீர்ப்பாலம் குறுக்கே செல்வதைக் காணலாம். அதன் மேல்விளிம்புக்கு ஏறிப் பார்த்தால் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கியோட்டோ மக்கள் குடிப்பதும் பிவா ஏரியின் நீரைத்தான். மாநாட்டில் நகர நீர்வழங்கலைப் பற்றி எத்தனையோ படங்களைக் காட்டினோம். அவற்றில் எதுவும் இந்தச் செங்கல் பாலத்துக்கு ஈடாகாது என்று அங்கே நின்றபோது தோன்றியது. நன்சென்ஜியிலிருந்து கால்வாயின் கிளையை ஒட்டிய தத்துவவாதியின் பாதையில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நடந்தால் ஜின்ககுஜி வந்துவிடும். இந்த நாளுக்கு 800 யென் சீட்டும் மிகை. ரயிலில் போக ஒரு முறை, திரும்ப ஒரு முறை கட்டணம் கொடுத்தாலே போதும்.

கோயில்களில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவருக்கு நான் சொல்லக்கூடியது சன்ஜூசன்கென்தோ. 1164-இல் அரசர் கோ-ஷிரகாவாவுக்காக எழுப்பப்பட்டு, 1249-இல் எரிந்து, 1266-இல் மீண்டும் கட்டப்பட்ட அந்த மண்டபம் ஏறக்குறைய 120 மீட்டர் நீளம். நடுவில் தன்கெய் என்ற சிற்பி 1254-இல் முடித்த பெரிய அவலோகிதேசுவர போதிசத்துவர் சிலை. இருபுறமும் ஐந்நூறு ஐந்நூறாக, பொன் பூசிய மரச்சிலைகள் ஆயிரம். அவற்றுள் 124 சிலைகள் தீயிலிருந்து மீட்கப்பட்டவை. இந்த ஆயிரம் மரச்சிலைகளும் 2018-இல் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டன. ஆனால் நம் ஊர்க்காரர்கள் அதிக நேரம் நிற்பது, ஆயிரத்துக்கும் முன்வரிசையில் காவல் நிற்கும் 28 தேவர்கள் முன்பாகத்தான். பிரம்மன், இந்திரன், மகேசுவரன், நாராயணன், கந்தர்வன், அசுரன் என்று நாம் அறிந்தவர்களே ஜப்பானியக் கவசமும் உடையும் அணிந்து, படிகக் கண்களோடு நம்மைப் பார்க்கிறார்கள். கருடனுக்கு அலகும் சிறகும் உண்டு. ஆனால் அவர் கையில் இருப்பது பாம்பு அன்று, புல்லாங்குழல். மண்டபத்துக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை என்பது இங்கு ஒரு வரமே. யாரும் கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்காததால், கூட்டம் இருந்தும் சிலைகளை நன்றாகப் பார்க்க முடிகிறது. கியோட்டோ நிலையத்திலிருந்து பேருந்தில் செல்லலாம். இருபது நிமிடம் நடந்தும் செல்லலாம். மண்டபம் திறக்கும் நேரத்துக்கே போய்விடுவது நல்லது.

சைவ உணவு உண்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கண்ணுக்கு மீனோ இறைச்சியோ தெரியவில்லை என்பதால் உணவு சைவம் ஆகிவிடாது. ஊதோன் நூடுல்ஸ் குழம்பு, மிசோ சாறு, வேகவைத்த காய்கறி என எல்லாவற்றுக்கும் அடிப்படையான தாஷி என்ற சாற்றில் பெரும்பாலும் உலர்த்திச் சீவிய சூரை மீன் சேர்ந்திருக்கும். நகரில் ஓர் உணவகத்தில், சைவம் என்று உறுதி கூறித் தந்த டோஃபுவுக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்த சாற்றில் மீன் இருந்தது. பரிமாறியவர் ஏமாற்றவில்லை, சாற்றை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, தாஷியில் மீன் உண்டா என்பதுதான். புத்த மடங்களின் ஷோஜின் உணவில் கடற்பாசியும் உலர்காளானும் கொண்டே சாறு எடுக்கிறார்கள். வெங்காயம், பூண்டு கூடச் சேர்ப்பதில்லை. நகரின் மேற்கோரத்தில் உள்ள அரஷியாமாவில் தென்ரியூஜி மடத்தின் வளாகத்தில் இருக்கும் ஷிகெத்சு உணவகம் இதற்குப் பெயர் பெற்றது. சிவப்பு அரக்குத் தட்டில் சிறு சிறு கிண்ணங்களாக வரும் உணவில் காரத்தை எதிர்பார்க்கக் கூடாது. எள் பாலைக் கட்டியாக்கிச் செய்த டோஃபு ஒன்றுக்காகவே அங்கே போகலாம். நகர மையத்திலிருந்து அரஷியாமாவுக்குப் பேருந்தில் சென்றால் ஒருநாள் சீட்டு செல்லும், ஜே.ஆர். ரயிலில் சென்றால் செல்லாது. நான் ரயிலையே பரிந்துரைப்பேன். பேருந்து நகரைக் கடக்கவே பொறுமையைச் சோதிக்கும்.

சீட்டைப் பயன்படுத்துவதில் சிரமம் ஒன்றும் இல்லை. சுரங்க ரயில் நிலையங்களின் இயந்திரங்களிலேயே வாங்கலாம். பேருந்தில் பின்வாசல் வழியே ஏறி, முன்வாசல் வழியே இறங்கும்போதுதான் கட்டணம். முதல்முறை சீட்டை இயந்திரத்தில் செலுத்தினால் தேதி பதியும், அதன்பின் ஓட்டுநரிடம் அந்தத் தேதியைக் காட்டினால் போதும். வார இறுதிகளிலும் விடுமுறை நாட்களிலும் கியோமிசு, ஜின்ககுஜி பக்கம் ஓடும் 500 யென் சுற்றுலா விரைவுப் பேருந்துக்கும் இது செல்லும் என்பதால், அந்த நாட்களில் கணக்கு சற்றே சீட்டின் பக்கம் சாயும். பெரிய பெட்டியோடு மட்டும் பேருந்தில் ஏற வேண்டாம். உள்ளூர்வாசிகளுக்கு அது பெருந்தொல்லை. பெட்டியை விடுதியிலோ நிலையத்தின் பூட்டறையிலோ விட்டுவிடலாம்.

நாடு முழுவதும் செல்லும் ஜே.ஆர். பாஸ் பற்றி மாநாட்டு நண்பர்கள் கேட்டார்கள். ஏழு நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்துவிட்டது. கியோட்டோவோடும் அதன் சுற்றுப்புறத்தோடும் பயணத்தை முடித்துக்கொள்பவருக்கு அது தேவையே இல்லை.

சுற்றுப்புறம் என்றால் நாரா. அரங்கத்தின் கொகுசாய் கைக்கான் நிலையத்திலிருந்தே சில ரயில்கள் கராசுமா தடத்தின் தெற்கு முனையான தகேதாவைக் கடந்து, கின்தெத்சு என்ற தனியார் நிறுவனத்தின் தடத்தில் நேரே நாரா வரை செல்கின்றன. ஒருநாள் சீட்டு தகேதாவோடு நின்றுவிடும். அதற்கு மேல் உள்ள தொலைவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. ஆகவே நாராவுக்குச் செல்லும் நாளில் ஐகோகா அட்டையே சிறந்தது. அங்கே தோதாய்ஜி கோயிலின் பெரும் புத்தருக்கு 752-இல் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து சென்ற துறவி போதிசேனர். அவர் பிடித்த தூரிகையையும், திரண்டிருந்தவர்கள் புண்ணியத்தில் பங்குகொள்ள அதில் கட்டிப் பிடித்துக்கொண்ட நீலக் கயிற்றையும் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் பாதுகாக்கிறார்கள். 1185-இல் புத்தருக்கு மீண்டும் கண் திறந்தபோது அதே தூரிகையைக் கையில் எடுத்தவர் சன்ஜூசன்கென்தோவை எழுப்பச் செய்த கோ-ஷிரகாவா. கருவூலத்துப் பொருட்களில் சிலவற்றை மட்டும், ஆண்டுக்கொரு தெரிவாக, அக்டோபர் இறுதி தொடங்கி நாரா தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கிறார்கள். மாநாடு இலையுதிர் காலத்தில் என்றால், விமானச்சீட்டு எடுப்பதற்கு முன் அந்தக் கண்காட்சியின் தேதிகளையும் பொருட்களின் பட்டியலையும் பார்த்துக்கொள்ளலாம்.